வளர்மதியின் பயத்தில் பாதி

"மேடம், எல்லாரும் போனை ஆஃப் பண்ணிட்டாங்க. நீங்க மட்டும்தான்..." என்று நிவேதா என் பக்கம் குனிந்து சொன்னாள்.

"நான் ஆஃப் பண்ண மாட்டேம்மா. நீ பாட்டுக்கு நடத்து" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம், நல்ல பெண். தஞ்சாவூரில் நான் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அதே மனநலப் பிரிவில் இப்போது உளவியலாளராக இருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு எடுக்கிறேன், பழைய ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டாள். போனேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் என்னையும் உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். என் மூச்சு எங்கே போகிறது, வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கால்தான் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அடங்கி உட்காருகிற ஜென்மமே இல்லை நான். வீட்டில் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடிதான் சாப்பிடுவேன். மருமகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

கண்ணைத் திறந்ததும் திரையில் மூளைப் படம் வந்தது. இரண்டு பக்கமும், காதுக்கு உள்பக்கமாக, பாதாம் பருப்பு மாதிரி இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இதுதான் அமிக்டலா. பயத்தோட ஃபாக்டரி. தினமும் மூச்சைக் கவனிச்சீங்கன்னா நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி பலமாகி இதை அடக்கி வைக்கும்" என்றாள் நிவேதா.

புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஒரேயடியா இதை எடுத்துட முடியாதா மேடம்? எவ்வளவு நிம்மதியா இருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "எடுத்துட்டா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன். சொல்லவா?" என்றேன். அன்றைக்கு அங்கே சொன்னதை எழுதித் தரும்படி நிவேதா கேட்டாள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டில் கூலிக்குத் தேங்காய் உரித்த குடும்பம். படித்தேன், நர்ஸ் ஆனேன். மனநலப் பிரிவில் போட்டபோது, என்ன பாவம் செய்தேன் என்று அழுதேன். பிறகு மாற்றல் வந்தபோது, போக மாட்டேன் என்று சண்டை போட்டேன். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. போக மாட்டேன் என்றதற்குக் காரணம் எங்கள் சீஃப், டாக்டர் தனபாலன்.

சார் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளி உள்ளே வந்தால் கேஸ் ஷீட்டைத் தொட மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார். முதல் கேள்வி எப்போதும், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். கேட்டுக்கொண்டே நோயாளியின் மணிக்கட்டைப் பிடிப்பார். நாடி பார்க்கிற பிடி. பேச்சு முடிகிற வரைக்கும் விட மாட்டார். பயந்தவனுக்கு எந்த இடத்தில் பயம் என்பது வாயைவிட நாடியில் முன்னாலேயே தெரிந்துவிடும் என்பார். அட்ரினலின் சுரந்தால் அதை மறைக்க எந்தக் கில்லாடியாலும் முடியாது.

எனக்கு அவர் கொடுத்த வேலை வேறு. கூட வந்தவர்களின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மாவோ, அண்ணனோ, பெண்டாட்டியோ, யார் வந்தாலும். "நோயாளி சொல்றப்ப இவங்க நாடி ஏறுதான்னு பாருங்க சிஸ்டர். ஏறுச்சுன்னா வீட்டுல கவனிக்க ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்பார். கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. யார் கையைப் பிடித்திருக்கிறேனோ அவர்கள் நெஞ்சு அடித்துக்கொண்டால் என் நெஞ்சும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இதென்ன தொல்லை என்று சாரிடம் கேட்டேன். மூளையில் இன்சுலா என்று மடிந்து கிடக்கிற ஒரு பகுதி இருக்கிறதாம். நம் நெஞ்சு துடிப்பதை நமக்கு உணர்த்துவது அது. அடுத்தவர் தவிக்கிறதைப் பார்க்கும்போதும் அதே இடம் விழித்துக்கொள்ளுமாம். "உங்களுக்கு அது ரொம்ப முழிச்சிருக்கு. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்றார். எங்கே தூங்குவது!

முருகையன் எங்களிடம் வந்தது கைக்காயத்தோடு. ஆள் நடத்தை ஒரு மாதிரி இருக்கிறது என்று அறுவை சிகிச்சை வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். உள்ளங்கை கருகிக் கட்டுப் போட்டிருந்தது. மனிதன் கல்யாண வீட்டுக்கு வந்தவன் போலச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். திருப்பனந்தாளுக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையோரம் ஊர். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறவன். கூட வந்தவள் அவன் மனைவி வளர்மதி. ஒடிசலான உடம்பு. புடவைத் தலைப்பின் நுனியை வாயில் கடித்தபடியே இருந்தாள்.

சார் அவன் கையைப் பிடித்தார். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"அஞ்சு இட்லி, வடை, ஒரு காபி சார்" என்றான்.

"கை எப்படிச் சுட்டுச்சு?"

"டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போயிருச்சு சார். ஏறிக் கட்டுனேன். லேசா இழுத்துருச்சு."

எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் செய்கிற தப்பு. குறுவை நட்டாகிவிட்டது, வயல் வெடிக்கிறது, மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குள் மோட்டார் ஓடியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பியூஸ் போகும். லைன்மேனுக்குப் போன் போட்டால் அவர் வேறு ஊரில் இருப்பார். யாராவது ஒருவர் கீழே இருக்கிற சுவிட்சை இறக்கிவிட்டு, ஏறிக் கம்பியைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஏறுகிறவன் சுவிட்ச் இறங்கியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பான். பயம் பார்க்கவைக்கும். முருகையன் பார்க்கவே இல்லை. சுவிட்ச் ஒரு பக்கம் சரியாக விழாமல் நின்று, கம்பியில் மின்சாரம் இருந்திருக்கிறது.

அவன் அதைச் சொல்லும்போது நாடி அசையவில்லை என்று சார் பிறகு சொன்னார். என் விரலுக்கு அடியில் வளர்மதியின் நாடி தறிகெட்டு ஓடிற்று.

"அது மட்டுமா சார்? மோட்டார் கொட்டகையில நல்ல பாம்பு. வாலைப் பிடிச்சுத் தூக்குறாரு. கொள்ளிடத்துல தண்ணி வந்துட்டு இருக்கு, திட்டுல மாட்டுன மாட்ட ஓட்டிட்டு வர எறங்குறாரு. பாப்பாவத் தோள்ல வெச்சுக்கிட்டு எறங்குறாரு சார்! அவ சின்னப் புள்ள சார்!"

"மாடு வந்துருச்சுல்ல?" என்றான் முருகையன், நிஜமாகவே புரியாமல்.

"மூளைக் காய்ச்சலுக்கு முன்னாடி இவரு இருட்டுல கொல்லைப் பக்கம்கூடப் போவ மாட்டாரு. காய்ச்சல் போச்சு, பயமும் போச்சு. ஊர்ல எல்லாரும் தைரியசாலிங்கிறாங்க. எதுன்னாலும் முருகையனக் கூப்புடுங்கிறாங்க. சார், எல்லாரும் பயத்த எடுங்கன்னுதான உங்ககிட்ட வருவாங்க? நீங்க இவருக்குப் பயத்தக் குடுத்துருங்க சார்."

இப்படி ஒரு வார்த்தையை அந்த அறையில் நான் கேட்டதில்லை. சாரும் கேட்டதில்லை என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ஸ்கேன் வந்தது. காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ் இரண்டு பக்கமும் அமிக்டலாவைப் பெரும்பாலும் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஞாபகமும் கொஞ்சம் தேய்ந்திருந்தது, ஆட்களின் பெயர் தடுமாறும். மற்றபடி ஆள் நன்றாக இருந்தான். போன இடத்தை மாத்திரையால் திரும்ப முளைக்கவைக்க முடியாது என்று சார் வளர்மதியிடம் பூசி மெழுகாமல் சொன்னார். அவள் அழவில்லை. அடுத்து என்ன என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதெல்லாம் சார் காலையில் நோயாளிகளை வராந்தாவில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி கொடுப்பார். இப்போது நிவேதா இங்கிலீஷ் பெயரில் நடத்துவதுதான். அந்த வகுப்பிலேயே முதல் மாணவன் யார் தெரியுமா? முருகையன்! சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். நான்கூட, ஆகா, என்ன அமைதி என்று வாயைப் பிளந்தேன்.

"ஏமாறாதீங்க சிஸ்டர். பயத்தைப் பார்த்துப் பழகி வர்ற அமைதி ஒண்ணு. பயமே வராத அமைதி ஒண்ணு. இவனோடது காலி வீடு" என்றார் சார்.

அந்த வகுப்பில் பக்கத்திலேயே வளர்மதியும் உட்காருவாள். கண்ணை மூடவே மாட்டாள். மூடினால் இவன் எழுந்து எங்கேயாவது போய்விடுவானோ என்று.

பிறகு முகப்படங்கள். சிரிக்கிற முகம், கோபமான முகம், அழுகிற முகம், பயந்த முகம் என்று அட்டைகள் இருந்தன. எல்லாம் வெளிநாட்டு முகங்கள். முருகையன் சிரிப்பு, கோபம், அழுகை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். பயந்த முகத்தைக் காட்டினால் மட்டும் "கொட்டாவி விடப்போறாங்க" என்பான். வெள்ளைக்காரன் முகம் பிடிபடவில்லையோ என்று சாருக்குச் சந்தேகம். நம் ஊர் முகம் வேண்டும் என்று என்னைப் பயப்படச் சொல்லிப் படம் எடுத்தார்.

"நடிக்காதீங்க சிஸ்டர்."

"நடிக்கல சார், பயப்படுறேன்."

"இது வெக்கப்படுற மாதிரி இருக்கு."

இரண்டு நாள் கழித்து நான் மருந்து அலமாரியைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு தவளை என் மேல் குதித்தது. நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. சார் போனோடு கதவோரம் நின்றிருந்தார். அத்தனை பெரிய மனிதரைப் பார்த்து "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். "படம் நல்லா வந்திருக்கு" என்றார்.

அந்தப் படத்தையும் முருகையன் கொட்டாவி என்றான். அப்போதுதான் சார் கவனித்தார். அவன் என் படத்தில் வாயையும் மூக்கையும் பார்க்கிறான், கண்ணைப் பார்ப்பதே இல்லை. நமக்கெல்லாம் ஒருவர் பயந்தால் நம் பார்வை நாம் சொல்லாமலே அவர் கண்ணுக்குப் போகும். அங்கே அனுப்புகிறதும் அந்த அமிக்டலாவின் வேலைதானாம். அவனுக்கு அனுப்ப ஆள் இல்லை.

சார் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அந்தப் படத்தில் என் மூக்குக்குக் கீழே மறைத்தார். "முருகையா, கண்ணை மட்டும் பாரு. கறுப்பைச் சுத்தி மேல வெள்ளை தெரியுதா?"

"தெரியுது சார்."

"அப்படித் தெரிஞ்சா அவங்க பயப்படுறாங்க."

"ஆச்சரியப்பட்டாலும் தெரியுமே சார்?"

"குழப்பமா இருந்தா பயம்னே வெச்சுக்க. நட்டமில்ல."

நாள்தோறும் அதுதான் பாடம். அட்டையை வைப்பார், எடுப்பார். "கண்ணு, முருகையா, கண்ணு." ஒரு காரியத்தில் இறங்குமுன் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார். வெள்ளை தெரிந்தால் நில். நெஞ்சில் வராத பயத்துக்குப் பதில் ஒரு சட்டம். அவன் நல்ல பையன் மாதிரிக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் சார் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப உன் பெஞ்சாதியைப் பாரு" என்றார்.

அவன் திரும்பி வளர்மதியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இவளுக்கு வெள்ளை தெரியுது சார்" என்றான். பிறகு, "எப்பவுமே இப்படித்தான் இருக்கா? நான் இவ கண்ணு பெரிசுன்னுல்ல நெனைச்சிருந்தேன்."

வளர்மதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு வெளியே போய் அழுதேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஊருக்குப் போனார்கள். அவன் சட்டத்தை மீறவில்லை. பாம்பென்றாலும் பியூஸ் என்றாலும், "இருங்க, வளர்மதியக் கேட்டுட்டு வர்றேன்" என்று வீட்டுக்கு வந்து அவள் கண்ணைப் பார்ப்பான். ஊரார் கேலி செய்தார்கள். கேலி அவனைத் தொடாது. ஆனால் வளர்மதி அடுத்த தடவை வந்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முடி கொட்டி, நின்றால் கால் நடுக்கம். தூக்கமே இல்லை. அவன் எந்த நேரம் வந்து கண்ணைப் பார்ப்பானோ என்று அவள் பயத்தை அணையாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

சார் மாத்திரை எழுதினார்.

"இதைப் போட்டா பயம் கொறையுமா சார்?"

"குறையும்மா. நல்லாத் தூக்கம் வரும்."

"அப்ப வேணாம் சார்."

"பயத்துல சுரக்கிற கார்டிசால்னு ஒண்ணு உங்க உடம்புல இறங்காம நிக்குது. இப்படியே போனா உடம்பு தாங்காது."

"நான் பயப்படலன்னா அவரு செத்துருவாரு சார்" என்றாள். சத்தம் போடாமல், கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

சார் இழுப்பறையைத் திறந்து கடிகாரத்தை எடுத்தார், கட்டவில்லை, திரும்ப உள்ளே வைத்தார். ஊராரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தாயிற்று. தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த வாரமே அவனைப் பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேரின் பயத்தைத் தணித்திருக்கிறோம். தன் பயத்தைத் தணிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்ட ஒருத்தியை என்ன செய்வதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "என்ன செய்யலாம் சிஸ்டர்?" என்றார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வளர்மதி, உன் பயத்துல பாதிய எங்கிட்டக் குடு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. "மத்தியானம் நீ மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கு. அந்த நேரத்துல எதுன்னாலும் அவரு எனக்கு வீடியோ கால் போடட்டும். என் கண்ணைப் பார்த்துத்தான அவரு மொதல்ல படிச்சாரு?"

"நெசமாவே பயப்படுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"தவளைக்கே ஊரைக் கூட்டுனவங்கம்மா இவங்க" என்றார் சார். வளர்மதி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நோயாளிக்குச் சொந்த நம்பர் கொடுப்பது விதிப்படி தப்பு என்றும் சார் சொன்னார். தெரியும் சார் என்றேன்.

சார் இப்போது இல்லை. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். போன் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாண மண்டபத்தில், கோயில் வரிசையில், மருமகளின் பிரசவ அறை வாசலில் எல்லாம் அடித்திருக்கிறது. கோபமாகக்கூட வரும். சனியன், இந்த மனிதன் சும்மா இருக்கக்கூடாதா என்று திட்டுவேன். இரண்டு நாள் அடிக்காவிட்டால் அதைவிட மோசம். என்ன ஆனானோ என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. கதையில் வருவதுபோல இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். மத்தியானம், குறுவைக் காலம், அடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

எடுத்தேன். "சிஸ்டர், இத கொஞ்சம் பாருங்க" என்று முருகையன் போனைத் திருப்பிக் காட்டினான். டிரான்ஸ்பார்மர். கீழே நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு அவன் முகம் திரையை அடைத்தது. என் கண்ணைப் பார்த்தான். நான் ஒன்றும் பேசக் கூடாது, அதுதான் சாரின் ஏற்பாடு. வாய் சமாதானம் சொல்லும், கண் சொல்லாது. என் நெஞ்சு காதில் அடித்தது.

"ம், தெரியுது" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினான். "ஏறல மாமா. லைன்மேன் வரட்டும்."

"என்னடா, உனக்கே பயமா?" என்று ஒரு குரல் சிரித்தது.

"எனக்கு இல்ல மாமா. அந்தம்மா பயப்படுறாங்க."

"வளர்மதி எங்கப்பா?" என்று கேட்டேன்.

"தூங்குறா சிஸ்டர்" என்றான். "நல்லாத் தூங்குறா." போனை வைத்துவிட்டான்.

தண்ணீர் பாட்டிலைத் திறக்க எனக்கு முடியவில்லை, முதலில் கையைத் தூக்கிய அந்தப் புதுப் பெண்தான் வாங்கித் திறந்து கொடுத்தாள். எனக்கும் வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, ஒரு நாள் நான் எடுக்காமல் போனால் அவன் யார் கண்ணைப் பார்ப்பான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பதை, கேட்டவர்கள் கேட்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

நிவேதா திரையை அணைத்தாள். பையைத் திறந்து தன் போனை எடுத்து ஆன் செய்தாள்.

"அவர் நம்பரைச் சொல்லுங்க மேடம். என் நம்பரையும் அவருக்குக் குடுங்க."

"நீ ரொம்ப அமைதியான பொண்ணாச்சேம்மா. உனக்குப் பயப்படத் தெரியுமா?" என்று கேட்டு, நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தேன்.

வெள்ளை நன்றாகத் தெரிந்தது. நம்பரைச் சொன்னேன்.